பல்லிப் பெட்டிக்கும் குஞ்சுப் பெட்டிக்கும் சோலர் போடலாமா? ஒரு சின்னக் கணக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கோழிக்குஞ்சு வளர்க்கிற தாய்மார், கூரையில் சோலர் போட்டிருக்கிறவர்கள், போட யோசிக்கிறவர்கள் கடைசி வரைக்கும் வாசிங்க. லண்டனில் இருக்கிற ஒரு பல்லியில் தொடங்கி நம்மட நாவிதன்வெளிக் குஞ்சுப் பெட்டிக்கு வாறேன். இடையில் பெருக்கல் கணக்கு கொஞ்சம் இருக்கும். எட்டாம் தரத்துப் பிள்ளைக்கும் விளங்குகிற கணக்குத்தான்.

என்ட ராத்தா குடும்பம் லண்டனில் இருக்கிறது. அவட மூத்த மகன் ஒரு பல்லி வளர்க்கிறான். நம்மட சுவரில் ஓடுகிற பல்லி இல்லை. 'லெப்பட் கெக்கோ' என்று சொல்வார்கள். உடம்பெல்லாம் சிறுத்தைக்கு இருக்கிற மாதிரிப் புள்ளி. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா பக்கத்து வரண்ட கல்லு நிலம்தான் அதன் சொந்த இடம். இப்போது வளர்ப்பு இடங்களிலேயே பெருக்கிக் கடைகளில் விற்கிறார்கள். அந்த நாட்டில் அதை வளர்க்கத் தடையில்லை.

2022 ஒக்டோபரில் அவனிடமிருந்து ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்தது.

"மாமா, உம்மா பல்லிட ஹீட்டர நிப்பாட்டச் சொல்றா. கரண்ட் பில் கூடிட்டாம். சின்ன சோலர் பெனல் ஒண்டு வாங்கி ஜன்னல்ல வெச்சா அது ஓடுமா? நீங்க சயன்ஸ் சேர்தானே, பாத்துச் சொல்லுங்க."

ராத்தாவைக் குறை சொல்ல ஏலாது. அந்த வருசம் ஏப்ரலில் இங்கிலாந்தில் வீடுகளுக்கான மின், எரிவாயுக் கட்டண உச்சவரம்பு ஒரே தடவையில் 54 வீதம் கூடியது. ஒக்டோபரில் ஒரு யூனிட் மின்சாரம் 34 பென்ஸ் அளவுக்கு வந்துவிட்டது. மனிசருக்கே அறையைச் சூடாக்கக் காசு போதாத குளிர்காலம். ஊர்வன வளர்த்த சிலர் கட்டணம் தாங்காமல் அவற்றைக் காப்பகங்களுக்குக் கொடுத்த செய்திகளும் அந்த நாட்களில் வந்தன. அந்த வீட்டில் ஹீட்டரை நிப்பாட்டு என்று ஒரு தாய் சொல்வதில் அநியாயம் ஒன்றும் இல்லை.

ஆனால் ஹீட்டரை நிப்பாட்டினால் அந்தப் பல்லிக்கு என்ன நடக்கும் என்று விளங்கிக்கொள்ள வேண்டும். நம்மட உடம்பு தின்னுகிற சாப்பாட்டைக் கொண்டு தனக்குத்தானே சூடு உண்டாக்கும். வெளியில் 20 பாகை என்றாலும் 35 பாகை என்றாலும் உள்ளே 37 பாகைதான். கோழிக்கு 41 பாகை அளவில் இருக்கும். பல்லி, ஓணான், ஆமை, பாம்புக்கு உடம்புக்குள் அந்த அடுப்பு இல்லை. வெய்யிலில் கிடந்த கல்லிலிருந்தும் மண்ணிலிருந்தும்தான் அவை சூட்டை எடுக்கின்றன. காலையில் வேலிக்கட்டையில் ஓணான் அசையாமல் படுத்துக் கிடப்பதை எல்லாரும் கண்டிருப்பீங்க. அது சோம்பல் இல்லை. அன்றைய நாளை ஓட்டத் தேவையான சூட்டை ஏற்றிக்கொள்கிறது.

அந்தச் சூடு கிடைக்காவிட்டால் தின்ற பூச்சி வயிற்றில் சமிபாடடையாது. பிறகு தின்பதையே நிறுத்திவிடும். நோயை எதிர்க்கிற சக்தியும் குறையும். உடனே சாகாது, வாரக்கணக்கில் மெல்ல மெல்ல வாடும். பார்க்கிறவருக்குப் பல்லி சும்மா படுத்திருக்கிற மாதிரித்தான் தெரியும். லெப்பட் கெக்கோவுக்குப் பெட்டியின் ஒரு பக்கம் 32 பாகை அளவிலும் மறுபக்கம் 25 பாகை அளவிலும் இருந்தால்தான் அது தேவைக்கேற்ப இங்கேயும் அங்கேயும் போய்த் தன் உடம்பைச் சரிக்கட்டும். லண்டன் வீட்டில் குளிர்காலத்தில் அறையே 18 பாகைதான்.

சரி, கணக்குக்கு வருவோம். 'யூனிட்' என்று நாம் பில்லில் பார்ப்பது ஒரு கிலோவாற்று மணித்தியாலம். அதாவது 1000 வாற்றுச் சாமான் ஒன்று ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு யூனிட்.

அவனுடைய கண்ணாடிப் பெட்டியில் மூன்று சாமான் இருந்தது. அடியில் 16 வாற்று ஹீட் மெட், 24 மணித்தியாலமும் ஓடும்: 0.38 யூனிட். மேலே 60 வாற்று விளக்கு, பகலில் 12 மணித்தியாலம்: 0.72 யூனிட். இரவில் வெளிச்சம் தராமல் சூடு மட்டும் தருகிற 50 வாற்று பீங்கான் ஹீட்டர், விட்டு விட்டு 6 மணித்தியாலம்: 0.30 யூனிட். எல்லாம் கூட்டினால் ஒரு நாளைக்கு 1.4 யூனிட். மாதம் 42 யூனிட். காசில் 14 பவுணுக்கு மேல்.

42 யூனிட் என்றால் நம்மட ஊரில் இரண்டு மூன்று பல்ப், ஒரு காத்தாடி, ஒரு டீவியோடு இருக்கிற சின்ன வீடு ஒன்று மாதம் முழுக்கப் பாவிக்கிற அளவு. உள்ளங்கையளவு பல்லி ஒன்றுக்கு அவ்வளவு போகிறது. சூடு என்பது அப்படி. வெளிச்சத்துக்கும் போனுக்கும் கொஞ்சக் கரண்ட் போதும். எல்ஈடி பல்ப் 9 வாற்றில் ஓர் அறைக்கே வெளிச்சம் தரும். சூடாக்குகிற சாமான் எதுவானாலும், ஸ்திரிக்கைப் பெட்டி, கேத்தல், ஹீட்டர், அதுதான் மின்சாரத்தைக் குடிக்கும்.

இப்போது அவன் கேட்ட சோலர். 100 வாற்றுப் பெனல் என்றால் எந்த நேரமும் 100 வாற்று வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அது உச்சி வெய்யில் நேராக விழுகிற நேரத்துக் கணக்கு. காலை, மாலை, மேகம் எல்லாம் சேர்த்துச் சராசரி பார்த்தால் நம்மட அம்பாறை மாவட்டத்தில் நாளொன்றுக்கு 4 முதல் 5 மணித்தியால முழு வெய்யில் என்று எடுக்கலாம். வயரிலும் பற்றரியிலும் போகிற சேதாரத்தைக் கழித்தால் 100 வாற்றுப் பெனல் ஒன்று இங்கே நாளைக்கு 0.4 யூனிட் அளவில் தரும்.

லண்டனில் டிசம்பரில் பகலே 8 மணித்தியாலம் இல்லை. உச்சி நேரத்திலும் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகை உயரத்தில்தான் நிற்கும். நமக்கு அதே டிசம்பரில் 59 பாகை. அங்கே அதே பெனலைத் தெற்குப் பார்த்து நல்ல சரிவில் வைத்தாலும் ஒரு நாளைக்கு 0.1 யூனிட் தாண்டினால் பெரிய காரியம். மேகமூட்டம் என்றால் அதுவும் இல்லை. ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே வைத்தால் இன்னும் குறையும். 1.4 யூனிட் வேண்டுமென்றால் அப்படி 14 பெனல் வேண்டும். ராத்தாட வீடு வாடகைக்கு எடுத்த மூன்றாம் மாடி.

இங்கேதான் முக்கியமான விசயம் இருக்கிறது. சூடு எப்போது தேவை? இரவில், குளிர்காலத்தில், மழைக்காலத்தில். சோலர் எப்போது தரும்? பகலில், வெய்யில் காலத்தில். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காது. நடுவில் பற்றரி என்கிற பாலம் போட வேண்டும். காசு முழுக்க அந்தப் பாலத்துக்குத்தான் போகும். தண்ணீர் பம்புக்கு சோலர் நல்லது, வெய்யில் நேரத்தில் இறைத்துத் தொட்டியில் நிரப்பி வைக்கலாம். காத்தாடிக்கும் நல்லது, வெய்யில் கூடினால்தான் காத்தாடியும் தேவை. சூட்டுக்கு சோலர் என்றால் மட்டும் கணக்கு நமக்கு எதிராக நிற்கிறது.

ஆகவே மருமகனுக்கு நான் சொன்னது: "பெனல் வேணாம் மகன். முதல்ல சூடு எங்கால ஓடுதெண்டு பாரு."

அவனுடைய பெட்டி ஐந்து பக்கமும் தனிக் கண்ணாடி. கண்ணாடி சூட்டைப் பிடித்து வைக்காது, தொட்டுப் பார்த்தாலே தெரியும். பெட்டியும் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது. முதலில் அதை அறையின் உள் சுவர்ப் பக்கம் மாற்றினான். முன்பக்கத்தையும் காற்றுப் போகிற இடங்களையும் விட்டு, மற்றப் பக்கங்களுக்கு வெளியால் ரெஜிபோம் ஒட்டினான். ஹீட் மெட்டுக்கு தேர்மோஸ்டாட் ஒன்று வாங்கினான். அது 32 பாகை வந்தால் தானாக வெட்டும், குறைந்தால் தானாகப் போடும். தேர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மெட் பாவிக்கவே கூடாது, கூடிப்போனால் வயிறு வெந்துவிடும். சூடு நின்று பிடிக்கத் தொடங்கிய பிறகு விளக்கை 40 வாற்றாக மாற்றி 10 மணித்தியாலமாகக் குறைத்தான். இரவில் பீங்கான் ஹீட்டர் தேவைப்படவில்லை. அதன் சொந்தப் பாலைவனத்திலும் இரவு குளிர்தானே, பெட்டி 20 பாகைக்குக் கீழே இறங்காமல் நின்றது.

மெட் பாதி நேரம்தான் ஓடியது, 0.19. விளக்கு 0.40. மொத்தம் 0.6 யூனிட் அளவு. மாதம் 18 யூனிட், 6 பவுண். பல்லிக்குக் கிடைத்த சூட்டில் குறைவில்லை. ராத்தாவும் அதன் பிறகு ஹீட்டரைப் பற்றிக் கதைக்கவில்லை.

இந்தக் கணக்கு அந்தப் பல்லியோடு முடிந்திருக்கும். நம்மட ஊரிலும் இதே கேள்வி வேறு உருவத்தில் வந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கட வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாமி இருக்கிறா. அவட புருசன் மௌத்தான பிறகு கோழிக்குஞ்சு வளர்த்து விற்றுத்தான் சீவியம். ஒரு நாள் குஞ்சு வாங்கி, ஒரு மாதம் வளர்த்து, இறக்கை முளைத்ததும் ஊருக்குள் விற்பா. முதல் மாதம்தான் கஷ்டம். முதல் கிழமை குஞ்சுக்கு 32 முதல் 35 பாகை சூடு வேண்டும். பிறகு கிழமைக்கு மூன்று பாகை போலக் குறைத்துக் கொண்டு வரலாம். மாமி காட்போட் பெட்டிக்குள் 60 வாற்றுக் குண்டு பல்ப் ஒன்றைத் தொங்கவிட்டு வளர்த்தா.

2022 மின்வெட்டு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எரிபொருள் இல்லாமல் நாடு முழுக்க இருண்டு கிடந்தது. மார்ச் 31ஆம் திகதி மட்டும் 13 மணித்தியாலம். அந்த நாட்களில் ஓர் இரவு மாமிட பெட்டியில் 50 குஞ்சு இருந்தது. கரண்ட் போனதும் குஞ்செல்லாம் சூடு தேடி ஒன்றுக்கு மேல் ஒன்று ஏறி ஒரு மூலையில் குவிந்துவிட்டது. குளிரை விட அந்த நெரிசல்தான் குஞ்சைக் கொல்லும். சுபஹுக்கு எழும்பிப் பார்க்கும்போது 19 குஞ்சு மூச்சடைத்துக் கிடந்தது. அந்த மாதம் கடைக்காரனுக்குக் கடன் சொன்னா மாமி.

2025 ஜனவரியில் மாமி வந்து என்னிடம் சொன்னா: "மகன், காதுல கிடக்கிற சோடிய அடகு வெச்சி கூரையில சோலர் போடப் போறன். இனிக் கரண்ட் போனாலும் குஞ்சு சாகாதாமே. சோலர் ஆக்கள் வந்து சொல்லிட்டுப் போறாங்க."

அந்த இடத்தில் நான் ஒரு விசயத்தை விளக்க வேண்டியிருந்தது. ஊரில் பலருக்கும் இது தெரியாது. 2016இல் சூரியபல சங்கிராமய திட்டம் வந்த பிறகு வீட்டுக் கூரைகளில் ஏறியவற்றில் பெரும்பாலானவை மின்சார சபையின் வயரோடு இணைந்து ஓடுகிற சோலர். பகலில் பெனல் தருவது வயருக்குள் போகும், இரவில் நாம் வயரிலிருந்து எடுப்போம், மாதக் கடைசியில் கணக்குப் பார்ப்பார்கள். பில் குறைக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் வயரில் கரண்ட் போனால் அந்த சோலரும் தானாகவே நின்றுவிடும். அது பழுது இல்லை. அப்படி நிற்கத்தான் செய்திருக்கிறார்கள். கரண்ட் வெட்டியிருக்கிறது என்று நம்பித் தூணில் ஏறி வேலை செய்கிற மனிசனுக்கு நம்மட கூரையிலிருந்து போகிற கரண்ட் அடித்துவிடக் கூடாது. பற்றரியும் அதற்கேற்ற இன்வேட்டரும் தனியாக வைத்திருந்தால்தான் மின்வெட்டில் ஓடும்.

மாமி பாதி நம்பினா, பாதி நம்பவில்லை. அடுத்த மாதம், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அன்றைக்கு மாமிக்குப் பதில் கிடைத்தது. முற்பகல் நேரம். வெய்யில் நல்லா எறிக்கிறது. எங்கட ஒழுங்கையில் சோலர் போட்ட வீட்டிலும் காத்தாடி சுற்றவில்லை. மாமி வேலியால் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "நீ சொன்னது சரிதான் மகன்" என்றா. காதில் கிடந்தது காதிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு மருமகனுக்குச் சொன்ன அதே வேலையை மாமிட பெட்டியில் செய்தோம்.

ஒரு வித்தியாசத்தை முதலில் விளங்கிக்கொள்ளுங்க. பல்லி தானாகச் சூடு உண்டாக்காது. அதன் பெட்டியை எவ்வளவுதான் மூடினாலும் ஹீட்டர் இல்லாவிட்டால் உள்ளே வெறும் அறைச் சூடுதான் இருக்கும். கோழிக்குஞ்சு சூட்டு இரத்தம் உள்ள பிராணி. அதன் உடம்பு சூடு உண்டாக்கும், ஆனால் உடம்பு சின்னது, இறக்கையும் இல்லாததால் பிடித்து வைக்க முடியாமல் தோற்றுப் போகிறது. எனவே குஞ்சுக்குப் பெட்டியை நன்றாக மூடிக் கொடுத்தால் அதன் சூடே பாதி வேலையைச் செய்யும். அடைகோழி செய்வதும் அதைத்தான். இறக்கைக்குள் பொத்தி வைத்திருக்கிறது.

மீன் கொண்டு வருகிற ரெஜிபோம் பெட்டி இரண்டை வெட்டி ஒரு பெரிய பெட்டியாக ஒட்டினோம். கீழே நான்கு விரல் தடிப்புக்கு உமி. நம்மட பக்கம் நெல் ஆலைகளில் உமிக்குப் பஞ்சமில்லை. உமிக்கு இடையில் காற்று அடைபட்டுக் கிடப்பதால் நிலத்துக் குளிர் ஏறாது, ஈரத்தையும் உறிஞ்சும். மேலே மூடி, அதில் காற்றுப் போக ஓட்டைகள். ரெஜிபோமைக் குஞ்சு கொத்தித் தின்னும், ஆகவே உள்பக்கம் காட்போட் ஒட்ட வேண்டும். பல்ப்பிலிருந்து ஒரு சாணாவது தள்ளி இருக்க வேண்டும், நெருப்புக்குப் பயந்து.

பல்ப்புக்கு ஒரு வழி செய்தோம். எல்ஈடி பல்ப் குஞ்சுக்கு உதவாது. அது கரண்டை வெளிச்சமாக்கிவிடும், சூடு போதாது. பழைய குண்டு பல்ப்தான் வேண்டும், அதில் பெரும்பங்கு சூடாகத்தான் போகும். அது இப்போது கடைகளில் குறைந்துவிட்டது. வாகனத்தின் பிரேக் லைட்டுக்குப் போடுகிற 12 வோல்ற்று, 21 வாற்று பல்ப் எல்லா ஸ்பெயார்பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும். அப்படி இரண்டு, மொத்தம் 42 வாற்று. வெளியில் 23 பாகை இருந்த ஓர் இரவில் மூடிய பெட்டிக்குள் வெப்பமானி 33 காட்டியது. காட்போட் பெட்டியில் 60 வாற்று பல்ப் அந்த அளவுக்குப் பிடித்து வைக்கவில்லை.

தேவை இப்படிக் குறைந்த பிறகுதான் சோலரைப் பற்றிக் கதைக்கலாம். முச்சக்கர வண்டிக்குப் போடுகிற மாதிரி 12 வோல்ற்று, 35 அம்பியர் மணித்தியாலப் பற்றரி ஒன்றில் 420 வாற்று மணித்தியாலம் இருக்கும். அந்தப் பற்றரியில் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும், ஆகவே 210 என்று வைப்போம். 42 வாற்று பல்ப் அதில் 5 மணித்தியாலம் எரியும். இன்வேட்டர் தேவையில்லை, 12 வோல்ற்றில் நேரே எரியும். அந்த 210ஐத் திரும்ப நிரப்ப நம்மட வெய்யிலில் 100 வாற்றுப் பெனல் ஒன்று ஒரு நாளுக்குள் போதும். கிட்டங்கியால் வெள்ளம் பாய்கிற மார்கழி நாட்களில் இரண்டு மூன்று நாள் எடுக்கலாம். நடுவில் ஒரு சார்ஜ் கொன்ட்ரோலர் கட்டாயம். மாமி இதை மின்வெட்டுக்கு மட்டும் வைத்திருக்கிறா. கரண்ட் இருக்கும்போது அதே பல்புக்கு 12 வோல்ற்று அடப்டர்.

கூரை முழுக்கப் போட வேண்டியிருந்த சோலர் ஒரு பெனலுக்கு இறங்கியது பெட்டியை மூடியதால்தான்.

அதுவும் முடியாதவர்களுக்குக் காசில்லாத ஒரு வழி இருக்கிறது. சோலர் பெனல் தன் மேல் விழுகிற வெய்யிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக மாற்றும். அதைத் திரும்பச் சூடாக்குவது சுற்று வழி. கறுப்பு நிறம் பூசிய 10 லீற்றர் கேனில் தண்ணீர் நிரப்பி, கண்ணாடியால் மூடிய பெட்டிக்குள் பகல் வெய்யிலில் வைத்தால் நல்ல வெய்யில் நாளில் தண்ணீர் 45 பாகைக்கு வரும். மாலையில் சாக்கால் சுற்றிக் குஞ்சுப் பெட்டிக்குள் வையுங்க. அது 45இலிருந்து 33க்கு இறங்கும்போது விடுகிற சூடு 140 வாற்று மணித்தியாலம். அந்த 42 வாற்று பல்ப் 3 மணித்தியாலத்துக்கு மேல் எரிந்து தருகிற சூடு அதில் இருக்கிறது. சாதாரண மின்வெட்டு ஒன்றைத் தாண்டிவிடலாம். பூட்டிய அறையில் நெருப்புச் சட்டி மட்டும் வைக்காதீங்க. அந்தப் புகை குஞ்சையும் கொல்லும், பக்கத்தில் படுக்கிற மனிசரையும் கொல்லும்.

இனி, பிள்ளைகள் விசயம். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்தக் கணக்கை ஒரு நாள் வகுப்பில் செய்து காட்டினேன். இடைவேளையில் ஒரு மாணவன் தனியாக வந்தான். வாய்க்காலில் பிடித்த பாலாமை ஒன்றை வீட்டில் பேசினுக்குள் வைத்து, யூடியூபில் பார்த்த மாதிரி மேலே பல்ப் போட்டிருக்கிறானாம். "சேர், அதுக்கு எத்தின வாற்று போடோணும்?" என்று கேட்டான். நல்ல பிள்ளை, ஆமைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்ற அக்கறையில்தான் கேட்கிறான்.

நான் அவனிடம் திருப்பிக் கேட்டேன்: "நீ பிடிக்க முந்தி அது எத்தின வாற்றில இருந்திச்சி?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சிரித்தான். லண்டனில் 1.4 யூனிட் செலவழித்து ஒரு பிள்ளை உண்டாக்கிய வெய்யில் நம்மட வாய்க்கால் கரையில் சும்மா கிடக்கிறது. ஆமை தானாகக் கரைக்கு ஏறும், போதுமென்றால் தண்ணிக்குள் இறங்கும். அதற்கு வேறு தேர்மோஸ்டாட் தேவையில்லை. அதைப் பிடித்து நிழலில் பேசினுக்குள் வைத்த பிறகுதான் பல்ப் தேவைப்பட்டது.

பெற்றோரும் தெரிந்து வைத்திருங்க. நம் நாட்டு ஆமை, உடும்பு போன்றவற்றைக் காட்டிலிருந்தோ வயலிலிருந்தோ பிடித்து வீட்டில் வைப்பது விளையாட்டு இல்லை. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. நட்சத்திர ஆமையைக் காசுக்குக் கேட்டு வருகிறவர்களுக்குப் பிடித்துக் கொடுத்தால் விசயம் இன்னும் பெரிது. 2019இல் அதற்கு உலக நாடுகளின் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் ஆக உச்சப் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறார்கள். அந்த மாணவன் அன்று மாலையே பாலாமையைப் பிடித்த அதே வாய்க்காலில் விட்டுவிட்டான்.

பூனையைக் கட்டிவைத்து, சாப்பாடும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாத பெண்ணைப் பற்றிய ஹதீஸை நாம் எல்லாரும் மதுரசாவில் படித்திருக்கிறோம். பூனைக்குப் பசி என்றால் கத்தும். பல்லியும் ஆமையும் அப்படிக் கத்திக் கேட்காது. சூடு இல்லாவிட்டால் தின்றதும் சமிபாடடையாது என்றால், ஊர்வனவுக்குச் சூடும் ரிஸ்கில் ஒரு பங்குதான். கூட்டில் போட்டுப் பூட்டினால் வெய்யிலின் வேலையும் நம்மட அமானிதமாகிவிடும். பில் கூடினாலும், கரண்ட் போனாலும் அந்தப் பொறுப்புப் போகாது. மருமகனுக்கும் இதைத்தான் சொன்னேன். ஒரு லெப்பட் கெக்கோ நன்றாகப் பார்த்தால் 15, 20 வருசம் வாழும். அவன் பல்கலைக்கழகம் போன பிறகும் யாராவது அந்த ஹீட்டரைப் பார்க்க வேண்டும்.

ஆகவே சூட்டுக்காக சோலர் வாங்க நினைக்கிற எல்லாரும் காசு கட்ட முந்தி மூன்று விசயத்தைப் பாருங்க. எத்தனை வாற்று, எத்தனை மணித்தியாலம், அதில் எத்தனை மணித்தியாலம் வெய்யில் இல்லாத நேரம் என்று ஒரு கடதாசியில் எழுதுங்க. பிறகு சூடு எங்கால வெளியே போகிறது என்று பெட்டியைச் சுற்றிக் கையை வைத்துப் பாருங்க, அதை அடையுங்க. கடைசியாக, விற்க வருகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "மெயின் கரண்ட் போனா இது ஓடுமா?" ஓடும் என்றால் பற்றரி எங்கே இருக்கிறது, அது எத்தனை வருசம் போகும் என்று எழுத்தில் கேளுங்க.

மாமி இந்த மாதம் 60 குஞ்சு இறக்கியிருக்கிறா. பெட்டி எப்படிச் செய்தது என்று பார்க்க விரும்புகிற தாய்மார் போய்ப் பார்க்கலாம், மாமிட சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். கணக்குப் பார்க்கத் தெரியாதவர்கள் பல்ப்பின் வாற்று, பெட்டியின் நீளம் அகலம் உயரம் மூன்றையும் எழுதிக்கொண்டு அஸருக்குப் பிறகு எங்கட வீட்டுக்கு வாங்க. வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் இருப்பேன். வெப்பமானி ஒன்றும் என்னிடம் இருக்கிறது, இரண்டு நாளைக்கு இரவல் தரலாம். திருப்பிக் கொண்டு வந்து தந்தால் போதும், அடுத்த ஆளுக்கும் தேவைப்படும்.